லோக்கலா எதுவும் வேணாம்

(யாழ்ப்பாணம் நவீன சந்தையில் ஒரு பனைப்பொருள் கடை. கல்யாணி சென்னையிலிருந்து வந்த சுற்றுலாக் கப்பல் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் நிற்கிறது. பஸ்காரர் கொடுத்திருப்பது முப்பது நிமிடம். அதில் எட்டு நிமிடம் செல்ஃபியில் போய்விட்டது.)

கல்யாணி: ஐயா, ஊர்ல இருபத்தாறு பேருக்குக் குடுக்கணும். ஏதாவது நல்லதா காட்டுங்க. ஒரே ஒரு கண்டிஷன், லோக்கலா எதுவும் வேணாம்.

கடைக்காரர்: லோக்கல் வேண்டாமோ?

கல்யாணி: வேணவே வேணாம்.

கடைக்காரர்: பிள்ளை, இந்தக் கடையில இருக்கிறது முழுக்க லோக்கல். ஓலை இஞ்சத்தை ஓலை, பின்னினது இஞ்சத்தைப் பொம்பிளையள், விக்கிற நானும் இஞ்சத்தை ஆள்.

கல்யாணி: ஐயோ, அந்த லோக்கல் இல்லீங்க. மட்டமா இருக்கக் கூடாதுன்னேன்.

கடைக்காரர்: உங்கட ஊரில உள்ளூர்ச் சாமான் எண்டால் மட்டமோ?

கல்யாணி: (கொஞ்சம் யோசித்து) ஆமா.

கடைக்காரர்: சரி. அப்ப விலை கூடினதாய் எடுக்கட்டோ?

கல்யாணி: அதுவும் வேணாம். ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல போகக் கூடாது.

கடைக்காரர்: எந்த நூறு?

கல்யாணி: எந்த நூறா? நூறு நூறுதானே!

கடைக்காரர்: உங்கட நூறெண்டால் எங்கட முந்நூற்றைம்பது மட்டில வரும். எங்கட நூறெண்டால் பை மட்டும்தான் தரலாம். இந்தாங்கோ, இதைப் பாருங்கோ. நீத்துப்பெட்டி. 300 ரூபா.

கல்யாணி: முந்நூறா! கூம்பு மாதிரி ஓலைக்கா? நூத்தம்பதுக்குக் குடுங்க.

கடைக்காரர்: உங்கட நூற்றைம்பதோ?

கல்யாணி: எங்க நூத்தம்பதுதான். அதுக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்.

கடைக்காரர்: அப்ப 525 ரூபா. நான் உங்களுக்கு 225 மிச்சம் தரவேணும். இப்பிடிப் பேரம் பேசுற ஆக்கள் நாளுக்கு நாலு பேர் வந்தால் காணும், கடையை மாடி வச்சுக் கட்டிப்போடுவன்.

கல்யாணி: நாலு பேரைக் காணோமா? எங்க கப்பல்காரங்களா?

கடைக்காரர்: காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்.

கல்யாணி: போதும்னா போதும்னே சொல்லலாமே. எங்க ஊர்ல யாராவது தொலைஞ்சு போனாத்தான் காணோம்னு சொல்லுவோம்.

கடைக்காரர்: இஞ்ச காணாமல் போன ஆக்களைப் பற்றிக் கதைக்க, பிள்ளை, உங்கட பஸ் தந்த முப்பது நிமிசம் காணாது.

(சிறிது மௌனம்.)

கல்யாணி: ...இந்தக் கூம்பு எதுக்கு?

கடைக்காரர்: புட்டு அவிக்க. குழைச்ச மாவைத் தேங்காய்ப்பூவோட உதுக்குள்ள போட்டு, கொதிக்கிற பானை வாயில கூர்ப்பக்கம் கீழ பாக்க வச்சு மூடவேணும். ஆவி ஓலைக்குள்ளால ஏறி வரும். புட்டு உதிரி உதிரியாய் விழும். குழாய்ப் புட்டு மாதிரிப் பின்னால குத்தித் தள்ளத் தேவையில்லை.

கல்யாணி: அந்தச் சிவப்பும் பச்சையும் போட்டது அழகா இருக்கே. அதைக் குடுங்க.

கடைக்காரர்: அது சுவரில கொழுவுறதுக்கு. சாயம் போட்டதில அவிச்சால் புட்டும் சிவக்கும். சமையலுக்கெண்டால் சாயமில்லாத வெள்ளோலைதான். கொண்டுபோய் ஒரு இராத்திரி தண்ணியில ஊறவிட்டு, நிழலில காயவிட்டு, பேந்து பாவியுங்கோ. பையில வைக்கேக்க ஒண்டுக்குள்ள ஒண்டு செருகினால் பத்துப் பெட்டியும் ஒரு பெட்டியின்ர இடத்தில அடங்கும். ஈரத்தோட மட்டும் பொலித்தீனில கட்டிப்போடாதேங்கோ, சென்னை போய்ச் சேர முந்திப் பூஞ்சணம் சேர்ந்திடும்.

கல்யாணி: எல்லாம் சரி. இதுல ஸ்ரீலங்கான்னு எங்க எழுதியிருக்கு?

கடைக்காரர்: நீத்துப்பெட்டியிலயோ?

கல்யாணி: எழுதலைன்னா ராமேஸ்வரம் பிளாட்பாரத்துல வாங்கினதுன்னு சொல்லிடுவாங்க. பேர் முக்கியம்ங்க.

கடைக்காரர்: (மார்க்கர் எடுத்து) எழுதித் தரட்டோ? "யாழ்ப்பாணம்" எண்டு வடிவாய் எழுதுவன்.

கல்யாணி: தமிழ்லயா? தமிழ்ல எழுதினா எப்படிங்க வெளிநாடுன்னு நம்புவாங்க?

(மார்க்கரை மூடி வைத்தார். மூட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.)

கடைக்காரர்: சரி, இது பனங்கட்டி. குட்டான் எண்ட சின்ன ஓலைப் பெட்டிக்குள்ளயே ஊத்தி இறுக விட்டது.

கல்யாணி: கருப்பட்டியா? இது எங்க உடன்குடியிலயே கிடைக்குமே.

கடைக்காரர்: உடன்குடிக்குக் கப்பல் விடேல்லையோ?

கல்யாணி: ஒரிஜினல்தானா? சீனி கலந்திருப்பாங்களே.

கடைக்காரர்: இது நல்ல கேள்வி. உடைச்சுப் பாருங்கோ. சீனி கலந்ததெண்டால் கல்லு மாதிரி இறுகி, உடைஞ்ச முகத்தில பளபளவெண்டு மின்னும். நல்ல பனங்கட்டி கறுப்பாய், மங்கலாய், விரலால அமத்தினால் கொஞ்சம் இளகும். பனையில முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பணி, நீங்கள் பதநீர் எண்டுறியள்; பூசாட்டிக் கள்ளு. அந்தக் கருப்பணியைக் காய்ச்சிறதுதான் இது. காத்து ஈரத்தை இழுத்துக் கசியிற சாமான். குட்டானோட அப்பிடியே இறுக்கமான டப்பாவில போட்டு வையுங்கோ, துணிப் பைக்குள்ள வைச்சியளெண்டால் உங்கட பட்டுச் சீலையும் இனிக்கும்.

கல்யாணி: பேர் போட்டிருக்கா?

கடைக்காரர்: இல்லை.

கல்யாணி: அந்தக் குச்சி?

கடைக்காரர்: புழுக்கொடியல். பனங்கிழங்கை அவிச்சு வெயிலில காயவிட்டது. ஆருக்கு?

கல்யாணி: மாமியாருக்கு.

கடைக்காரர்: மாமிக்கு எத்தினை பல்லு இருக்கு?

கல்யாணி: கொஞ்சம்தான்.

கடைக்காரர்: கோபமோ அவவோட?

கல்யாணி: ஏன்?

கடைக்காரர்: இடிச்சு நொருக்கித் தேங்காய்ச் சொட்டோட சப்பவேணும். கடிச்சால் ஒடியல் ஒடியாது. அதைவிட ஒடியல் மா கொண்டு போங்கோ, கூழ் காய்ச்சலாம். ஆனால் இது அவிக்காமல் காயவிட்ட கிழங்கின்ர மா. தண்ணியில ஊறவிட்டு, மா அடியில தெளிஞ்ச பிறகு மேல் தண்ணியை ஊத்திப்போட்டு, ரெண்டு மூண்டு தரம் அப்பிடிச் செய்துதான் அடுப்பில ஏத்தவேணும். அவசரப்பட்டால் கசப்பும் போகாது, வயித்தையும் பிரட்டும். குடுக்கேக்க இதையும் சொல்லிக் குடுக்கவேணும்.

கல்யாணி: இருபத்தாறு பேருக்கும் நான் உக்காந்து கிளாஸ் எடுக்க முடியுமா? வேற காட்டுங்க.

கடைக்காரர்: நெல்லி ரசம் இருக்கு. முந்திரிகை ரசமும் இருக்கு.

கல்யாணி: முந்திரிப் பருப்புலயா ரசம் வைக்கறீங்க?

கடைக்காரர்: பருப்பில்லை, பழம். நீங்கள் திராட்சை எண்டுறியள்.

கல்யாணி: திராட்சையில ரசமா! சாதத்துல ஊத்தி...

கடைக்காரர்: சோத்தில ஊத்தாதேங்கோ! குடிக்கிற சாறு. தண்ணி கலந்து குடிக்கவேணும். கண்ணாடிப் போத்தல், ஒவ்வொண்டையும் துணியால சுத்தி நடுவில வையுங்கோ. மூடி திறந்தால் குளிர்ப்பெட்டியில வைக்கவேணும்.

கல்யாணி: பாட்டில் உடைஞ்சா வம்பு. சரி, பட்டை இருக்கா? சிலோன் பட்டை ஃபேமஸ்னு சொன்னாங்க.

கடைக்காரர்: (முகம் மலர்ந்து) பட்டையோ! கன காலத்துக்குப் பிறகு ஒராள் பட்டை கேக்கிறா. நில்லுங்கோ.

(உள்ளே போய் ஓலையில் மடித்துக் கட்டிய பெரிய வாளி ஒன்றைக் கொண்டுவருகிறார்.)

கல்யாணி: இது என்ன?

கடைக்காரர்: பட்டை. கிணத்தில தண்ணி அள்ளுறது. உதால தோட்டத்துக்கே இறைப்பினம்.

கல்யாணி: பிரியாணிக்குப் போடற பட்டைங்க!

கடைக்காரர்: (மலர்ச்சி போய்) ஓ. கறுவா. அது தெற்கில, காலி மாத்தறைப் பக்கம் விளையிறது. அந்தப் பலசரக்குக் கடையில வாங்குங்கோ, ஆனால் முனையைப் பாத்து வாங்குங்கோ. சுருட்டு மாதிரி உள்ளுக்குள்ள மெல்லிய மெல்லிய அடுக்காய் இருந்தால் இலங்கைக் கறுவா, நகத்தால நசிச்சாலே நொருங்கும். ஒரே தடிச் சுருள், உள்ளுக்கு ஓட்டை, சுத்தியலால அடிக்கவேணும் எண்டால் அது வேற மரம். அது உங்கட ஊர் மளிகைக் கடையிலயும் கிடைக்கும்.

கல்யாணி: அந்த டீ பாக்கெட்ல பேர் இருக்கே! சிங்கம் கூடப் போட்டிருக்கு!

கடைக்காரர்: ஓம், வாள் பிடிச்ச சிங்கம். அந்த முத்திரை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலயே பொதி செய்தது எண்டு அர்த்தம். சிங்கம் இல்லாமல் சும்மா சிலோன் எண்டு மட்டும் போட்டிருந்தால் யோசிச்சு வாங்குங்கோ. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். எண்டு போட்டிருக்கிறது தரத்தைச் சொல்லுறதில்லை, தூளின்ர பருமனைச் சொல்லுறது. பால் தேத்தண்ணிக்குப் பொடித் தூள் நல்லது.

கல்யாணி: இது யாழ்ப்பாணத்துல விளையறதா?

கடைக்காரர்: இஞ்ச எங்கால மலை? அது மலையகம். கொழுந்து பறிக்கிறது உங்கட பக்கத்தில இருந்து வந்த ஆக்களின்ர வம்சம்தான். அவையும் கடல் தாண்டித்தான் வந்தவை. மன்னார்க் கரையில இறங்கி மாத்தளைக்குக் காட்டுக்குள்ளால நடந்து போனவை. வழியில செத்த ஆக்களுக்குக் கணக்கில்லை.

கல்யாணி: ஓஹோ. நூறு கிராம் பாக்கெட் இருக்கா?

(அவர் பதில் சொல்லவில்லை. அரைக்கிலோப் பொதிகள்தான் இருந்தன.)

கல்யாணி: சரி விடுங்க. இதைப் பாருங்க, என் பொண்ணு கீரிமலைக் கரையில பொறுக்கினா. ஓட்டை ஓட்டையா அழகா இருக்கில்ல? இதையே ரெண்டு பேருக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்.

கடைக்காரர்: இது முருகைக்கல் எல்லோ, பவளப்பாறைத் துண்டு! பையால எடுங்கோ. இஞ்சயிருந்து கொண்டுபோகவும் ஏலாது, அங்க இறக்கவும் ஏலாது. உங்கட 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில முருகைக்கல் முதலாம் அட்டவணை. புலி இருக்கிற அதே அட்டவணை.

கல்யாணி: செத்துப்போன கல்லுங்க இது!

கடைக்காரர்: செத்த புலியின்ர தோலைத் தோளில போட்டுக்கொண்டு சுங்கத்துக்குள்ளால போவியளோ? கிடந்த கரையிலயே போட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ மகளை.

கல்யாணி: டைம் இல்லீங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு. நீங்களே ஒண்ணு முடிவு பண்ணிச் சொல்லுங்க.

கடைக்காரர்: கேட்டபடியால் சொல்லுறன். பருத்தித்துறைத் தட்டை வடை. உளுந்து, மா, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய்...

கல்யாணி: செத்த மிளகாயா?

கடைக்காரர்: காஞ்ச மிளகாய். உங்களோட கதைச்சால் எல்லாம் சாவில வந்து நிக்குது. தட்டித் தட்டி மொறுமொறுப்பாய்ப் பொரிச்சது. ஈரமில்லை, காத்துப் போகாமல் வச்சால் கிழமைக் கணக்கில இருக்கும். பாரமில்லை, சுங்கத்தில கேள்வியில்லை. படுக்க வச்சு மேல சாமான் ஏத்தினால் தூளாகும். பிஸ்கட் மாதிரி நிமித்தி, டப்பாவில இடைவெளி இல்லாமல் அடுக்கவேணும். இருபத்தாறு பைக்கற், உங்கட நூறுக்குள்ள நிக்கும்.

கல்யாணி: பேர்?

கடைக்காரர்: பேர்தான் முதலே இருக்கே! பருத்தித்துறை!

கல்யாணி: அது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டு அம்மா வேதாரண்யம் பக்கமான்னு கேப்பா.

(கடைக்காரர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, ஓசைப்பட வைக்கிறார்.)

கல்யாணி: ஃப்ரிட்ஜ் மேக்னெட்! ஸ்ரீலங்கான்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு! யானை! மலை! முதல்லயே இதைக் காட்டியிருக்கலாமே!

கடைக்காரர்: அந்த மலை சிகிரியா. இஞ்சயிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல. நீங்கள் கண்ணால காணாத மலை.

கல்யாணி: ஃப்ரிட்ஜுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?

கடைக்காரர்: பின்னால திருப்பிப் பாருங்கோ.

கல்யாணி: மேட் இன்... சைனா. அட! அப்ப ஃபாரின்தான்!

கடைக்காரர்: ஓம். லோக்கல் இல்லை.

கல்யாணி: இருபத்தாறு குடுங்க. எவ்வளவு?

கடைக்காரர்: ஒண்டு 350. இருபத்தாறுக்கு 9100.

கல்யாணி: ஒன்பதாயிரமா? மூன்றரையால பெருக்கினா... முப்பதாயிரத்துக்கு மேல போகுதே!

கடைக்காரர்: பெருக்காதேங்கோ பிள்ளை, வகுங்கோ.

கல்யாணி: ரெண்டாயிரத்து அறுநூறு. அப்படிச் சொல்லுங்க! ஆளுக்குக் கரெக்டா நூறு!

(வெளியே பஸ் ஹாரன். அவர் மேக்னெட்டுகளை எண்ணி, பிளாஸ்டிக் பை முடிந்துவிட்டதால் கையில் அகப்பட்ட ஒரு கொட்டப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார். சின்ன ஓலைப் பெட்டி, மூடியோடு. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பின்னல். கல்யாணி வாசல் வரை போய், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்.)

கல்யாணி: ஐயா, இந்தப் பெட்டி ரொம்ப அழகா இருக்கே! இதை ஏன் காட்டவே இல்ல?

கடைக்காரர்: அது லோக்கல், பிள்ளை.