சீகன்பால்கு எழுதிவைத்த ஊர்த் தெய்வங்கள்

சீகன்பால்கு என்றதும் பினாங்கில் என்னைச் சுற்றியுள்ள பலருக்கு நினைவுக்கு வருவது தரங்கம்பாடி அச்சுக்கூடமும் தமிழில் அச்சான புதிய ஏற்பாடும்தான். அவை பெரும் பணிகளே. ஆனால், ரப்பர்த் தோட்டத்துச் சாமிகளைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அவருடைய வேறொரு நூல்தான் நெருக்கமானது என்பது என் கருத்து.

1682இல் ஜெர்மனியில் பிறந்து 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்தப் பாதிரியார், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். சிவன், திருமாலோடு நின்றுவிடாமல், ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, பத்திரகாளி என ஊர்த் தெய்வங்களுக்கும் அதில் தனிப் பகுதி ஒதுக்கினார். கையெழுத்துப்படி, ஜெர்மனியில் அவருடைய மதப்பணிக்குத் துணைநின்ற ஹாலே நகருக்குப் போனது. அங்கிருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் வாதம். 1719இல் அவர் மறைந்தார்; நூல் அவர் பெயரோடு சென்னையில் அச்சேறியது 1867இல்தான்.

அவர் நடுநிலையாளர் அல்லர். மதம் மாற்ற வந்தவர், நம் தெய்வங்களைப் பொய்த்தேவர்கள் என்றே நம்பியவர். இருந்தும், தமிழர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டு, அவர்கள் சொன்ன விளக்கங்களைப் பதிவுசெய்தார். அக்கடிதங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1714 முதல் ஹாலேயில் வெளிவந்தது. எழுதிய தமிழர்களின் பெயர்கள்தாம் அதில் இல்லை. என் மனக்குறை அதுவே.

மலேசியாவில் நாம் அதைவிட மோசமாக நடந்துகொள்கிறோம். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, மரத்தடி முனியாண்டி பல இடங்களில் முனீஸ்வரராகி மண்டபத்துக்குள் போனார். பூசாரி இருந்த இடத்துக்குக் குருக்கள் வந்தார். பலி நின்றதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் சாமியை அழைக்கப் பாடிய வர்ணிப்பும், சுருட்டும் சாராயமும் படைத்ததன் காரணமும், காப்புக் கட்டும் முறையும் சொல்லத் தெரிந்தவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் கேட்ட கேள்விகளைக்கூட நம் கோயில் நிர்வாகங்கள் தம் பூசாரிகளிடம் கேட்பதில்லை. கும்பாபிஷேக மலரைப் புரட்டிப் பாருங்கள்: அரசியல்வாதிகளின் வாழ்த்துரைகளும் நன்கொடையாளர் பட்டியலும் பக்கம் பக்கமாக இருக்கும்.

அடுத்த மலரைத் தொகுப்பவர்கள் வாழ்த்துரைகளில் நான்கைக் குறைத்து, பழைய பூசாரியை உட்காரவைத்துக் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரோடும் அவர் பூசை செய்த தோட்டத்தின் பெயரோடும் அச்சிடலாம்.