சோலார் விலை எவ்வளவு என்பதோடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்

கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-ல் வந்தபோது யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்று ஒப்பந்தம். "சோலாரெல்லாம் கட்டுப்படியாகாது" என்று இன்றும் சொல்கிறவர்கள் மனசில் நிற்பது அந்த விலைதான். ஆனால் 2017 மே மாதமே ராஜஸ்தான் பட்லாவில், குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்று நடந்த சோலார் ஏலத்தில், 2.44 ரூபாய்க்கு இறங்கிவிட்டது, 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99. புதிதாக ஒரு அனல்மின் நிலையம் கட்டி இந்த விலைக்கு யாராலும் கரண்ட் தர முடியாது.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒடிசா தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலில் ஏற்றி, இங்கே இறக்கி, அரைத்து, அப்புறம்தான் எரிக்கிறோம். நிலையம் ஓடும் காலம் முழுக்க ஒவ்வொரு கட்டத்துக்கும் காசு. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ஆஸ்திரேலிய நிலக்கரி டன் 400 டாலரைத் தாண்டியது. சோலாருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் பணத்தை மொத்தமாக முதலிலேயே போட வேண்டும், அதனால் அதன் யூனிட் விலையில் பெரிய பங்கு வட்டிதான், கடன் மலிவாகக் கிடைத்தால் மின்சாரமும் மலிவு. அணுமின்சாரமும் முதலிலேயே பணம் கேட்பதுதான். கூடங்குளம் முதல் உலையை 2002-ல் கட்ட ஆரம்பித்து வணிக உற்பத்திக்குக் கொண்டுவர 2014 டிசம்பர் ஆனது. அத்தனை வருஷ வட்டி யார் தலையில் விடியும்? கமுதியை ஒரு வருஷத்துக்குள் முடித்தார்கள்.

சரி, அப்படியானால் சோலார் மட்டும் போதுமா? போதாது. மதியம் 12 மணி யூனிட்டும் இரவு 8 மணி யூனிட்டும் ஒரே சரக்கு இல்லை. மின்சாரத்தை வாங்கி விற்கும் மின்சந்தையில், வெயில் காயும் நேரத்தில் மலிவாகக் கிடைப்பது, எல்லோரும் வீடு திரும்பி ஏசி போடும் நேரத்தில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்ட நாட்கள் உண்டு. அந்த இடைவெளிக்கு வழி பண்ணாமல் வெறும் 1.99-ஐக் காட்டிப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஆனைமலையில் கடம்பாறை நிலையம், 400 மெகாவாட், 1980-களிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி ஓட்டுவார்கள். மதிய வெயிலைச் சேமித்து வைக்க இதைவிட நமக்குப் பழக்கமான வழி வேறு எது? ஆனால் அதே மாதிரி நீலகிரியில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட குந்தா வருஷக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது இதில்தான். புதுசு புதுசாகப் பேனல் திறப்பு விழா நடத்துகிற வேகத்தில் பாதியாவது சேமிப்பில் காட்டியிருக்கலாம்.

இன்னொன்று, இதற்குப் பெரிய செலவுகூட இல்லை. பம்ப்செட்டுக்கு மும்முனை மின்சாரத்தை முழுக்கப் பகலிலேயே கொடுங்கள். குஜராத்தில் 2020-லேயே விவசாயத்துக்குப் பகல் மின்சாரம் என்று தனித் திட்டம் தொடங்கினார்கள். மலிவான மின்சாரம் இருக்கும் நேரத்திலேயே தண்ணீர் இறைத்துவிடலாம், ராத்திரி டார்ச் லைட்டோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்து யாரும் மோட்டார் போடப் போக வேண்டியதில்லை.