ஒரு சிப்புக்கு இரண்டு டிரைவர் எதற்கு?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், ஒரே வன்பொருளுக்கு அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இரண்டு இருந்தால் என்ன கெட்டுவிடும், வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டுமே என்று ஒரு நண்பர் கேட்டார். பேச்சுவாக்கில் கேட்டதுதான். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பல வருஷம் முன்னால், வீட்டில் ஒரே ஒரு கணினி இருந்த காலம். டிஸ்ட்ரோவை (லினக்ஸ் தொகுப்பை)ப் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்தேன். ரூட் பார்ட்டிஷனை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதியை)க் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். ராத்திரி தூக்கமில்லை. காலையில் பிரவுசிங் சென்டர் திறக்கும்வரை வாசலில் காத்திருந்து தேடினால், டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுவரை டிஸ்க்கை எச்டிஏ என்று கூப்பிட்டது பழைய ஐடிஇ டிரைவர். புதிதாக வந்த லிபாட்டா என்ற டிரைவர் தொகுப்பு அதையே எஸ்டிஏ என்று கூப்பிட்டது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று எழுதி வைக்கும் என் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

லிபாட்டாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜெஃப் கார்சிக் அதைத் தொடங்கியது நியாயமான காரணத்துக்காக. டிஸ்க்கை இணைக்கும் புதிய முறையான சாட்டா வந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசையில் நிறுத்துவது போன்றவற்றைப் பழைய ஐடிஇ கட்டமைப்புக்குள் திணிப்பது பெரும்பாடு. 2006 நவம்பரில் வெளிவந்த 2.6.19 கெர்னல் பதிப்பில், சாட்டாவுக்கு முந்தைய பேட்டா கன்ட்ரோலர்களுக்காக (டிஸ்க்கோடு பேசும் சிப்புகளுக்காக) ஆலன் காக்ஸ் எழுதிய டிரைவர்களும் லிபாட்டாவுக்குள் வந்தன. அன்றிலிருந்து ஒரே கன்ட்ரோலருக்கு இரண்டு டிரைவர். பழைய ஐடிஇ அடுக்கு கெர்னலை விட்டுப் போனது 2021இல், 5.14 பதிப்பில். நடுவில் பதினைந்து வருஷம்.

சோம்பேறித்தனத்தால் அத்தனை வருஷம் ஆகவில்லை. லிபாட்டா, கெர்னலின் இன்னொரு டிஸ்க் அடுக்கான ஸ்கஸியைச் சார்ந்திருப்பதால் ஒரு டிஸ்க்கில் 15 பார்ட்டிஷன்தான் தெரியும். ஐடிஇயில் 63 வரை போகலாம். 20 பார்ட்டிஷன் வைத்திருந்தவர் எங்கே போவார்? அந்தத் தடை 2.6.28இல்தான் நீங்கியது. கடைசிக் காலத்தில் ஐடிஇயை நம்பி இருந்தவற்றில் அடாரி ஃபால்கன், அமிகா போன்ற 68கே பிராசசர் கொண்ட பழைய கணினிகள் உண்டு. அவற்றுக்கென்று லிபாட்டாவில் தனி டிரைவர்களை எழுதினார்கள். உலகத்தில் எத்தனை பேர் அடாரியில் லினக்ஸ் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு ஒரே பேட்ச்சில் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அதனால்தான் இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

சரி, இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன? ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண், சாதன எண் இரண்டையும் சொல்லும். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும். ஒரே எண் இரண்டு பட்டியலில் இருந்தால் இரண்டு மாட்யூலும் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டு) ஏற்றப்படும். முதலில் பதிவு செய்துகொண்டதற்குச் சாதனம் கிடைக்கும். இன்றைக்கு ஒன்று முந்தும், கெர்னலைப் புதுப்பித்த பிறகு இன்னொன்று முந்தலாம். பயனர் என்ன செய்வார்? ஒரு டிரைவரை ஏற்றாதே என்று சொல்லும், எங்கேயோ படித்த பிளாக்லிஸ்ட் வரியை ஒட்டுவார், அது வேலை செய்யும், மறந்துவிடுவார். இரண்டு வருஷம் கழித்து அதே வரி நல்ல டிரைவரைத் தடுத்துக்கொண்டு நிற்கும். இதைத் ‘தேர்வுச் சுதந்திரம்’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தெரிந்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவைத் தெரியாதவர் தலையில் கட்டுவது அது.

தவிர்க்க முடியாமல் இரண்டு இருக்கத்தான் வேண்டும் என்றால், முடிவு ஒரே இடத்தில் இருக்கட்டும். இன்டெல் ஒலி டிரைவர்கள் நல்ல உதாரணம். பழைய எச்டிஏ (மேலே சொன்ன டிஸ்க் பெயர் அல்ல, ஹை டெஃபினிஷன் ஆடியோ) டிரைவரும் புதிய எஸ்ஓஎஃப் டிரைவரும் ஒரே சாதன எண்ணுக்கு உரிமை கொண்டாடின. தப்பான ஆள் கையில் போனால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. யார் எடுப்பது என்று முடிவு சொல்லவே தனியாக ஒரு சிறு மாட்யூலை எழுதினார்கள். கணினியில் டிஜிட்டல் மைக் இருக்கிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லும். பிராட்காம் வைஃபையில் பி43, பிஆர்சிஎம்எஸ்மேக் என்ற இரண்டு டிரைவர்கள் மோதியபோதும், பின்னது இருந்தால் இரண்டுக்கும் பொதுவான சிப்புகளை முன்னது இயல்பாகவே விட்டுக்கொடுக்கும்படி கெர்னல் அமைப்பிலேயே வைத்தார்கள்.

என் மனசை அதிகம் பாதித்தது ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூ கதை. சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள்களில் இருக்குமே, அந்தச் சிப். தயாரிப்பாளர் எழுதிய நிரல் தனக்கென்று ஒரு முழு வைஃபை அடுக்கையே சுமந்துகொண்டு வந்தது. கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் பொது வைஃபை அடுக்கான மேக்80211 அதற்குத் தேவைப்படவில்லை. 2013இல் லாரி ஃபிங்கர் அதை ஸ்டேஜிங்கில், அதாவது இன்னும் பக்குவப்படாத டிரைவர்களுக்கான கெர்னல் பகுதியில், சேர்த்தார். வருஷக்கணக்கில் கெர்னலுக்குப் புதிதாக எழுத வந்தவர்கள் அதைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். 2021இல் தயாரிப்பாளரின் இன்னும் புதிய நிரல் வந்து அந்த இடத்தைப் பிடித்தது, துடைத்த உழைப்பு அத்தனையும் போயிற்று. மறுபடி துடைத்தார்கள். ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்று முறையாக எழுதப்பட்ட டிரைவர் அந்தச் சிப்பைக் கற்றுக்கொண்டதும், 2023இல் 6.3 பதிப்பில் ஸ்டேஜிங் டிரைவர் நீக்கப்பட்டது. முடிவு சரிதான். ஆனால் அந்த உழைப்பில் கால்வாசி முதலிலேயே சரியான டிரைவருக்குப் போயிருந்தால் எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்! ஏற்கெனவே உள்ள டிரைவரை விரிக்க முடியாதா என்று கெர்னல் பராமரிப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத் திமிர் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு டிரைவரை நீக்குவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வன்பொருள் அல்ல, விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறை (ஃபைல்சிஸ்டம்) என்றாலும், என்டிஎஃப்எஸ் விஷயத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2021இல் பாராகான் நிறுவனத்தின் என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய டிரைவர், 5.15 பதிப்பில் சேர்ந்தது. 2024இல் 6.9 பதிப்பில் பழைய டிரைவரை நீக்கினார்கள். நீக்கிய கையோடு, பழைய பெயரில் மவுண்ட் செய்பவர்களுக்கும் புதியதே பதில் சொல்லும்படி, அதுவும் படிக்க மட்டும் அனுமதிக்கும்படி செய்தார்கள். எஃப்எஸ்டேப்பில் பழைய பெயர் வைத்திருந்த யாரும் என்னைப் போல ஒரு ராத்திரி விழித்திருக்க வேண்டியதில்லை.

என் மேசை டிராயரில் அந்த 8188இயூ டாங்கிள் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு புது கெர்னலின் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரும்போதும் அதைச் செருகி, வைஃபை இணைகிறதா, சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் திரும்ப வருகிறதா என்று பார்க்கிறேன். பத்து நிமிஷ வேலை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கார்டோ டாங்கிளோ கிடந்தால் எடுத்துச் செருகிப் பாருங்கள், எந்த டிரைவர் எடுத்துக்கொள்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள்.