பெற்றோர் வகுப்புக்குப் போனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களா?

"பெற்றோர் வகுப்பில் பெயர் கொடுத்தால் 'சரியில்லாத பெற்றோர்' பட்டியலில் சேர்த்து, பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்." காட்பாடி, குடியாத்தம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் பொய்.

பிள்ளை வளர்ப்பைச் சொல்லித்தரும் இந்த வகுப்பை நடத்துபவருக்குப் பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரமே கிடையாது. அதை முடிவு செய்வது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு விசாரித்துத்தான் இறுதி உத்தரவு போட முடியும். பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கே, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டதற்கெல்லாம் விசாரணை வராது.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கும்? அடிக்காமல் கண்டிப்பது, கோபம் தலைக்கேறும்போது சற்று விலகி நிற்பது, பிள்ளை பேசும்போது போனைக் கீழே வைப்பது. (கடைசியது எனக்கே கஷ்டம்.) நாள் முழுக்க பீடி சுற்றிவிட்டு வரும் அம்மாவிடம் 'பொறுமையாக இருங்கள்' என்று மட்டும் சொன்னால் அது வகுப்பே இல்லை, அப்பாவும் வந்து உட்கார வேண்டும்.

இத்தகைய பயிற்சிகளை உலக சுகாதார நிறுவனமே 2023இல் பரிந்துரைத்தது. பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 1098.