ரைபோசோம் மரபணு குறைந்தால் புற்றுநோயா?

"ரைபோசோம் மரபணுப் பிரதிகள் 400-க்குக் கீழே போனால் புற்றுநோய் உறுதி, உடனே ரத்தப் பரிசோதனை எடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் சிறு இயந்திரம்; அதற்கான மரபணு ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும்.

இந்த மரபணுக்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களின் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) குட்டைக் கைகளில், அதாவது குட்டையான பகுதிகளில், வரிசையாக அடுக்கியிருக்கும். சிலருக்கு இருநூற்றுச் சொச்சம், சிலருக்கு ஐந்நூற்றுக்கும் மேல். நலமாக இருப்பவர்களிடமே இவ்வளவு வித்தியாசம் உண்டு. அதிலும் பல பிரதிகள் வேலையே செய்யாமல் அமைதியாக இருக்கும். அப்புறம் எப்படி 400 எல்லைக்கோடாகும்?

சில புற்றுநோய்க் கட்டிகளில் பிரதிகள் குறைந்திருப்பதை 2017-இல் வந்த ஆய்வுகள் காட்டின, உண்மைதான். ஆனால் அது கட்டியின் செல்களில் கண்டது. நோய் வருமா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் சோதனை அல்ல. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பயந்துபோய் அந்த ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை மேலே அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.