செவ்வானத்தை வெளுக்கும் கைபேசி
கேரள எல்லையை ஒட்டிய தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் மாலைச் சூரியன் அரபிக்கடலில் இறங்கும்போது வானம் முழுவதும் செம்மை படர்கிறது. என் கைபேசியோ அந்தச் செம்மையை ஏதோ குறை என்று எண்ணி, தானாகவே நிறத்தைத் திருத்தி, நடுப்பகலில் எடுத்தது போன்ற வெளிறிய படத்தை நீட்டுகிறது. படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பகலொளிக்கு, அதாவது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் ஏறத்தாழ 5500 கெல்வினுக்கு, நிறுத்தி வைத்தால் நிறம் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதியை எத்தனை மெனுக்களுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள்! கதிரவனின் விளிம்பு கடலைத் தொட்டபின் முழுதாக மறைவதற்கு நம் பக்கத்தில் 2 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும் (மேகம் முந்திக்கொள்ளாவிட்டால்). அதற்குள் தேடிப்பிடித்துக் கைபேசியை உயர்த்தினால், சூரியனை இரு விரல்களால் கிள்ளிப் பிடிப்பதுபோல் நிற்கும் ஒருவர், “அண்ணே, கொஞ்சம் மாறி நில்லுங்க” என்கிறார்.