தமிழில கேட்ட குரல்

போன ஞாயிறு மாங்குளத்தில சித்தப்பா வீட்டுக்குப் போனனான். கோடிக்குள்ள இருந்து வளைஞ்ச ஆணியளை நிமித்திக்கொண்டிருந்தார். கீழ வைச்சுத் தட்ட அவரிட்ட ஒரு தண்டவாளத் துண்டு இருக்கு, முழங்கை நீளம், தட்டித் தட்டி நடுவில மட்டும் வெள்ளியாட்டம் மினுங்குது. 1990ல யாழ்ப்பாணக் கோச்சி நிண்டாப் பிறகு வன்னியில தண்டவாளம் கிடந்த இடத்தில கிடக்கேல்ல. பங்கருக்கு மேல குறுக்கால அடுக்கி மண்மூட்டை போட அதைவிட வேற என்ன? எங்கட பள்ளிக்கூட மணியும் அதில வெட்டின துண்டுதான். 2014ல யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ஓடின கோச்சி புதுத் தண்டவாளத்தில ஓடினது.

அதைப் பார்த்தவுடனதான் எரிக் லோமக்ஸ் ஞாபகம் வந்தது. ஸ்கொட்லாந்துக்காரர், ரெண்டாம் உலகச் சண்டையில பிரிட்டிஷ் ஆமி அதிகாரி, சின்ன வயசிலயிருந்தே ரயில் பைத்தியம். 1942 பெப்ரவரியில சிங்கப்பூர் விழ ஜப்பான்காரரிட்டப் பிடிபட்டு, கடைசியில சயாம்-பர்மா ரயில் பாதை போடுற இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். 415 கிலோமீற்றர். 1943ல தாய்லாந்தின்ர காஞ்சனபுரியில கைதியள் ஒளிச்சு வைச்சிருந்த ரேடியோ பிடிபட்டது. லோமக்ஸ் கீறி வைச்சிருந்த பாதை வரைபடமும் பிடிபட்டது. ரெண்டு கையும் முறிய அடி. பிறகு மூச்சு முட்டத் தண்ணி.

ஆனால் அம்பது வருஷமா அவரின்ர நித்திரையைக் கெடுத்தது அடிச்சவன் இல்லை. பக்கத்தில நிண்டு கேள்வியை இங்கிலீசில மாத்திச் சொன்ன மொழிபெயர்ப்பாளர், நகாசே தகாஷி.

சித்தப்பா சுத்தியலைக் கீழ வைச்சார். 2009 மே மாதம் சண்டை முடிய வட்டுவாகல் பாலம் தாண்டிப் போய் ஆமியிட்டச் சரணடைஞ்சு தடுப்பில இருந்தவர். அதைப்பற்றி வீட்டில வாய் திறக்கிறதில்லை.

“அடிச்சவங்களின்ர முகம் ஒண்டும் இப்ப ஞாபகமில்லைத் தம்பி. தமிழில கேட்டவன்ர குரல் இருக்கு. இப்பவும் கடையில ஆரும் பின்னால நிண்டு அப்பிடிக் கதைச்சா திரும்பிப் பார்ப்பன்.”

நகாசே என்ன செய்தவர் எண்டதுதான் எனக்கு முக்கியம். சண்டை முடிஞ்ச கையோட, கைதியளின்ர புதைகுழியளைத் தேடப்போன நேசநாட்டுக் குழுவோட அந்தப் பாதை வழிய போனார். பிறகு திரும்பத் திரும்பத் தாய்லாந்துக்குப் போனார், காஞ்சனபுரியில குவாய் ஆத்துப் பாலத்தடியில ஒரு பௌத்தக் கோயில் கட்டினார், தான் நிண்டு பார்த்ததைத் தன்ர பேரிலயே எழுதினார். அவரைப்பற்றிப் பத்திரிகையில வந்தது 1989ல லோமக்ஸின்ர கையில கிடைச்சது. மனுசன் உருகிப்போகேல்ல, ஆத்திரம்தான் வந்தது. முதல் கடிதம் எழுதினதும் அவரில்லை, மனுசி. 1993ல அந்தப் பாலத்தடியில சந்திச்சவை. மன்னிச்சிட்டன் எண்டு லோமக்ஸ் எழுதிக் குடுத்தது அதுக்கும் பிறகு, ஜப்பானில வைச்சு.

இந்தக் கதையைச் சொல்லுற எல்லாரும் மன்னிச்சவரைத்தான் தூக்கிப் பிடிக்கினம். செய்தவன் முதல் வாய் திறந்தவன் எண்டதை விட்டிடுகினம். இஞ்ச தலைகீழ். 2010லயே நல்லிணக்கம் எண்ட பேரை வைச்சு ஆணைக்குழு வந்திட்டுது. பிறகு அலுவலகம், செயலமர்வு, மூண்டு மொழியில பதாகை. “நான்தான் அண்டைக்கு அந்த அறையில நிண்டனான்” எண்டு ஒரு ஆள் வந்து சொன்னதை நான் காணேல்ல. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில 2017 பெப்ரவரியில காணாமல்போன பிள்ளையளைக் கேட்டுக் குந்தின அம்மாமார் ஆருக்குக் கடிதம் எழுதுறது? ஆரை மன்னிக்கிறது?

அதே ரயில் பாதையில மலாயாத் தோட்டங்களிலயிருந்து கொண்டுபோன தமிழ்ச்சனம் ஆயிரக்கணக்கில செத்தது. காஞ்சனபுரியில கைதியளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறை இருக்கு, வரிசையா. எங்கட சனத்துக்குப் பேர் பொறிச்ச கல் இல்லை. லோமக்ஸ் அதிகாரி, பதிவில பேர் இருந்த ஆள். அதாலதான் அவருக்கு ஒரு நகாசே கிடைச்சார் எண்டும் நினைக்கிறன்.

எங்கட பக்கத்தையும் சொல்லத்தான் வேணும், கோவிக்கிற ஆக்கள் கோவியுங்கோ. 1994ல மன்னார்க் கடலில சாகரவர்தன கப்பல் மூழ்கினபோது பிடிபட்ட கடற்படை அதிகாரி அஜித் போயகொட எட்டு வருஷம் புலிகள் இயக்கத்திட்டக் கைதியா இருந்தவர். 2002ல கைதிப் பரிமாற்றத்தில போனார். வெறுப்பில்லாமல் கதைச்சதுக்காக அவரின்ர ஆக்களே அவரைச் சந்தேகத்தோட பார்த்தவை. சரி, அவருக்குக் காவல் நிண்டவையளில ஆர் எழுதினது? இயக்கம் பிடிச்சு வைச்ச எங்கட சனத்தின்ர கதை இன்னும் பெரிசு. அதை ஏன் நாங்கள் குசுகுசுத்துக்கொண்டு திரியிறம்?

நான் சொல்லி முடிய சித்தப்பா கனநேரம் கதைக்கேல்ல. பிறகு கேட்டார்:

“அந்த மொழிபெயர்ப்பாளர் எத்தினை வயசில செத்தவர்?”

“2011ல, தொண்ணூற்றி மூண்டு வயசில. லோமக்ஸும் அடுத்த வருஷம், அதே வயசில.”

விரலை மடக்கி ஏதோ எண்ணினார். “என்ர ஆளுக்கு அப்ப முப்பது இருக்கும். இன்னும் காலம் கிடக்கு” எண்டிட்டு அடுத்த ஆணியை எடுத்து வைச்சார்.